சிரிப்பும் சின்னமும்: பெப்பே கிறில்லோவும் அவரது அவையினரும்

கலைஞன் அரசியல்வாதியாதல் பற்றிய ஆய்வு தமிழிலே பெரும்பாலும் சினிமாவுடன் தொடங்கிச் சினிமாவுடனேயே முடிந்துவிடுவதுண்டு. இது இயல்பானதே. தமிழ்ச் சினிமாவை ஓர் அரசியல் தொடர்புச் சாதனமாகக் கொண்டு பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் ஆங்கிலத்தில் எழுதிய பின்னர், இத்துறையில் இறங்குவோர் அவ்வழியே நடக்க வேண்டியவராயினர். ஆனால் சினிமா ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறையின் விளைபொருள். தயாரிப்பாளர், விநியோகத்தர், திரையரங்கு, இரசிகர் மன்றம் என்ற படிநிலைகளினூடாகவே அங்கு நடிகனின் உருவம் மக்களைச் சென்றடைகின்றது. இணையம் இப்படிநிலைகள் அனைத்தையும் கலைத்துவிட்டது என்றும், கலைஞனுக்கும் அவனது அவைக்குமிடையே இனி எவருமில்லை என்றும் கூறப்படுகின்றது. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மையானது? கலைஞரொருவரின் இணைய அவை பாராளுமன்றக் கட்சியாகி, ஆளுங் கட்சியுமாகி, ஈற்றில் அவரையே வெளியேற்றிய நாடொன்று உண்டு. அந்நாடு இத்தாலி, அக்கலைஞர் பெப்பே கிறில்லோ. அவ்வரலாற்றை இங்கு நாம் சற்று விரிவாக நோக்குவோம்.

ஜெனோவாக்காரரான கிறில்லோ 1948 இல் பிறந்தவர். 1970களின் பிற்பகுதியிலே 'ராய்' எனப்படும் அரச தொலைக்காட்சியின் மூலம் நாடறிந்த நகைச்சுவையாளரானார். அக்காலத்து 'ராய்' கட்சிகளிடையே பங்கிடப்பட்டிருந்தது. முதலாம் அலைவரிசை கிறித்தவ ஜனநாயகவாதிகளுக்கும், இரண்டாவது சோஷலிசக் கட்சிக்கும், மூன்றாவது கம்யூனிஸ்ட் கட்சிக்கும் உரியதென்பது எழுதப்படாத விதி. 1986 நவம்பரில், சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியொன்றிலே, சோஷலிசப் பிரதமர் பெத்தினோ கிறாக்சியின் குழுவினர் சீனாவுக்குச் சென்றமை பற்றிக் கிறில்லோ ஒரு பகடி செய்தார். இங்குள்ளோர் எல்லோருமே சோஷலிசவாதிகளென்றால் இவர்கள் யாரிடமிருந்து திருடுவார்கள் என்று குழுவிலொருவர் வியந்து கேட்பதாக அது அமைந்தது. அதன் பின்னர் 'ராய்' அவருக்குப் பெரும்பாலும் மூடிய கதவாயிற்று. 1992 பெப்ரவரியில் மிலான் நகரிலே சோஷலிசக் கட்சிப் பிரமுகரொருவர் இலஞ்சப் பணத்துடன் பிடிபட்டதைத் தொடர்ந்து முழுக் கட்சியமைப்புமே சரிந்தது. 1994 இல் கிறாக்சி துனீசியாவுக்குத் தப்பியோடி, 2000 இல் அங்கேயே இறந்தார். விகடனின் பகடி நீதிமன்றத்தில் உறுதிப்பட்டது போலாயிற்று. பின்னர் பர்மலாத் என்ற பாலுணவு நிறுவனத்தின் கணக்குகள் பொய்யானவையென அவர் மேடையிலே சொல்லிவந்ததும், 2003 டிசம்பரில் அந்நிறுவனம் வீழ்ந்ததும் இந்நம்பிக்கையை மேலும் வளர்த்தன.

வெளியேற்றப்பட்டவன் உண்மை பேசுகின்றான் என்ற இந்நம்பிக்கையே கிறில்லோவின் முதல் மூலதனம். அது வெறும் மாயையன்று. அவர் சொன்னவற்றுட் பல உண்மையாகவே இருந்தன. மேடையிற் பிறந்த இந்நம்பிக்கை எவருடைய உடைமையாயிற்று என்பதே எமது வினா.

இவ்விடத்திலே இன்னொரு இத்தாலிய மேடையை நினைவுகூர்தல் வேண்டும். 1962 இல் டாரியோ ஃபோவும் பிராங்கா ராமேயும் 'ராய்' தொலைக்காட்சியின் பெரும் புகழ் வாய்ந்த நிகழ்ச்சியொன்றிலிருந்து விலகினர். கட்டடத் தொழிலாளரின் பாதுகாப்பின்மை பற்றிய அவர்களது அங்கதக் காட்சியைத் தணிக்கையாளர் அனுமதிக்காமையே காரணம். 1977 வரை தொலைக்காட்சி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. ஆனால் அவர்கள் சென்றடைந்த இடம் வேறு. 1968 இல் அமைத்த குழுவுடன் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த தொழிலாளர் பொழுதுபோக்கு மன்றங்களிலே நாடகமாடினர். 1970 இல் அக்கட்சியோடு முரண்பட்டுத் தனிக்குழு அமைத்தனர். ஆட்டம் முடிந்த பின்னர் அவையோருடன் நடைபெறும் விவாதத்தை அவர்கள் 'மூன்றாவது அங்கம்' எனக் கொண்டனர். அவ்விவாதத்திலே தொழிலாளர் நாடகத்தைக் கண்டித்தனர், திருத்தச் சொல்லினர், சில வேளைகளிற் பிரதி மாறியது. கலைஞனுக்கும் அவைக்குமிடையே தொழிற்சங்கம், மன்றம், கட்சி என்பன நின்றன. அவை இடையூறாகவும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. கட்சியுடனான பிணக்கே அதற்குச் சான்று. எனினும் அவை, கலைஞனை விட்டு விலகிய பின்னும் அவையினர் தம் காலில் நிற்பதற்கான தளமாக இருந்தன.

கிறில்லோவின் மேடைக்கு மூன்றாவது அங்கம் இருக்கவில்லை. 1990களில் அவர் விளையாட்டரங்குகளை நிரப்பியபோது அந்தப் பழைய தளமே தகர்ந்துகொண்டிருந்தது. மேற்கைரோப்பாவின் மிகப் பெரிய கம்யூனிஸ்ட் கட்சியாக விளங்கிய இத்தாலியக் கட்சி 1991 பெப்ரவரியில் ரிமினி மாநாட்டிலே தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. அதன் வாரிசுகள் தனியார்மயமாக்கலையும் தற்காலிகத் தொழில் ஒப்பந்தங்களையும் 'நவீனமயமாக்கம்' எனக் கொண்டனர். 1994 இலோ, கிறாக்சியின் தயவினால் வளர்ந்த தனியார் தொலைக்காட்சிகளின் உடைமையாளர் சில்வியோ பெர்லுஸ்கோனி பிரதமரானார். ஒருபுறம் சாதன முதலாளி. மறுபுறம் தொழிலாளரைக் கைவிட்ட இடதுசாரி. இவ்விரண்டுக்குமிடையே கல்வி கற்றும் நிலையான தொழில் பெறாத ஓர் இளந்தலைமுறையும், குப்பை எரியூட்டிகளுக்கும் தண்ணீர்த் தனியார்மயத்துக்கும் எதிராகப் போராடிய ஊர்க்குழுக்களும் பேச்சாளரின்றி நின்றனர்.

நூற்றாண்டுத் திருப்பத்திலே கணினியொன்றை மேடையிற் சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் காட்டியவர் கிறில்லோ. அவரை இணையத்துக்கு இட்டுச் சென்றவர் ஜான்றொபேர்த்தோ கசலெஜ்ஜோ என்ற மென்பொருள் வணிகர். கசலெஜ்ஜோவின் மிலான் நிறுவனம் 2004 இல் அமைந்தது. கிறில்லோவின் வலைப்பதிவு 2005 ஜனவரியில் தொடங்கியது. கட்டுரைகளை எழுதியது எவ்வளவுக்குக் கிறில்லோ, எவ்வளவுக்கு நிறுவனம் என்று பிரித்தறிவது எளிதன்று. பதிவின் ஓரங்களிலே விளம்பரங்கள் தோன்றின. மேடைநிகழ்ச்சிகளின் ஒளித்தட்டுகள் விற்கப்பட்டன. வாசகர் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகள் பதிவுக்குப் பெறுமதி சேர்த்தன. அவ்வுழைப்புக்கு ஊதியமில்லை, உடைமையுமில்லை. இடையில் எவருமில்லை எனப்பட்ட இடத்திலே ஒரு வணிக நிறுவனம் இருந்தது. அது கண்ணுக்குத் தோன்றாததொன்றாக இருந்தமையே புதுமை.

2007 செப்ரெம்பர் 8 ஆம் திகதி பொலோஞாவின் பெருஞ்சதுக்கத்திலும் ஏனைய பல நகரங்களிலும் கிறில்லோவின் அழைப்பையேற்று மக்கள் திரண்டனர். அந்நாளின் பெயர் வசைச்சொல்லொன்றின் முதலெழுத்தாலானது. குற்றத் தீர்ப்புப் பெற்றோர் பாராளுமன்றத்தில் இருத்தலாகாது, இரு தவணைக்கு மேல் எவரும் உறுப்பினராதலாகாது, உறுப்பினரை வாக்காளர் நேரே தெரிதல் வேண்டும் என்ற சட்ட முன்மொழிவுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. தேவைப்பட்டவை 50,000 மட்டுமே. அவ்வாண்டிலே பத்திரிகையாளர் இருவர் அரசியல்வாதிகளின் சலுகைகள் பற்றி எழுதிய 'லா காஸ்தா' என்ற நூல் பெருவிற்பனை கண்டது. 'காஸ்தா' என்பது போர்த்துக்கேயர் எமது சமூக அமைப்புக்குச் சூட்டிய பெயரின் இத்தாலிய வடிவம். பிறப்பால் விலக்க முடியாத ஒடுக்குமுறையைக் குறித்த சொல், தேர்தலால் வரும் பதவிக்கு உருவகமாகி ஐரோப்பாவிலே உலவுவது எம்மனோர்க்குச் சற்று விந்தையாகவே தோன்றும். இவ்வுருவகத்தின் கருத்துநிலைப் பயன் வெளிப்படையானது. சமூகம் 'அரசியற் சாதி' என்றும் 'குடிமக்கள்' என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டவுடன், ஆலை முதலாளியும் அவரது ஆலையில் நுரையீரல் கெட்ட தொழிலாளியும் ஒரே பக்கத்தில் நின்று ஒரே பகடிக்குச் சிரிக்கின்றனர்.

இது முதன்முறையன்று. நாடகாசிரியரும் திரைப்பட இயக்குநருமான குல்யெல்மோ ஜன்னீனி 1944 டிசம்பரில் உரோமிலே 'சாதாரண மனிதன்' எனப் பொருள்படும் பெயருடன் ஒரு வார ஏட்டைத் தொடங்கினார். பாசிசத்தையும் அதன் எதிரிகளையும் ஒரே தட்டிலிட்டுக் கட்சிகளனைத்தையும் நையாண்டி செய்த அவ்வேட்டின் வாசகர், 1946 இல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலிலே ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளையும் 30 ஆசனங்களையும் அவருக்கு ஈட்டித்தந்தனர். 1948 ஏப்ரில் தேர்தலுக்குள் அவ்வியக்கம் கரைந்துபோயிற்று. ஜன்னீனியையும் கிறில்லோவையும் ஒன்றெனக் கொள்வது பத்திரிகையாளர் விரும்பும் எளிய வழி. முன்னவரின் அவையிலே பழைய ஆட்சியை இழந்த நடுத்தர வகுப்பினர் மிகுந்திருந்தனர். பின்னவரின் அவையிலோ, 2011 ஜூனில் தண்ணீர்த் தனியார்மயத்துக்கு எதிரான பொதுசன வாக்கெடுப்பை வென்றெடுத்த இளைஞர் பெருந்தொகையினர். இவர்களைப் பிற்போக்காளரெனத் தள்ளிவிட்ட இத்தாலிய இடதுசாரிப் புலமையாளர், தமது கைவிடலையே அதனால் மறைத்தனர்.

2009 அக்ரோபர் 4 ஆம் திகதி மிலானின் அரங்கமொன்றிலே 'ஐந்து நட்சத்திர இயக்கம்' தொடங்கப்பட்டது. அதன் அமைப்பு விதி 'விதியல்லா விதி' என்று பெயர் பெற்றது. அது படிக்கத்தக்க ஆவணம். இயக்கம் ஒரு கட்சியன்று. அதன் தலைமையகம் கிறில்லோவின் இணையமுகவரி. அதன் பெயரும் சின்னமும் கிறில்லோவின் பெயரிற் பதிவு செய்யப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்தும் உரிமை அவரொருவருக்கே உரியது. தலைவரில்லை, கிளைகளில்லை, பொருளாளரில்லை என்பது விடுதலை போலத் தோன்றிற்று. தலைவரில்லாத இடத்திலே உடைமையாளர் இருந்தார். தலைவரை மாநாடு நீக்கலாம். உடைமையாளரை நீக்குவதற்கு எந்த மாநாட்டுக்கும் அதிகாரமில்லை.

இதன் பொருளை உணர்ந்தோருள் எமிலியா-ரொமாஞா பகுதியின் உறுப்பினர் இருவர் உளர். 2012 இலே ஜொவான்னி ஃபாவியா, கசலெஜ்ஜோவின் ஆதிக்கம் பற்றித் தொலைக்காட்சியாளரிடம் ஒளிப்பதிவு நின்றுவிட்டதாக எண்ணிச் சொன்னது வெளியாயிற்று. பெதெரிக்கா சால்சி தொலைக்காட்சி விவாதமொன்றிலே கலந்துகொண்டமைக்காகக் கிறில்லோவின் ஆபாசமான கேலிக்கு இலக்கானார். டிசம்பரில் வலைப்பதிவிலே சில வரிகள் தோன்றின. இருவரும் இனிச் சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமையை இழந்தனர் என்பதே செய்தி. விசாரணை, வாக்கெடுப்பு, மேன்முறையீடு எதுவுமில்லை. வணிகச் சட்டத்தின் மொழி அரசியலின் மொழியாயிற்று.

எனினும் அவை பெருகிற்று. அவ்வாண்டு அக்ரோபரில் அறுபத்து நான்கு வயதான கிறில்லோ மெசினா நீரிணையை நீந்திக் கடந்து சிசிலியிலே பிரசாரத்தைத் தொடங்கினார். 2013 பெப்ரவரியில் அவரது பயணம் உரோமின் சான் ஜொவான்னி சதுக்கத்திலே நிறைவுற்றது. தொழிற்சங்கங்களின் மே தினக் கூட்டங்கள் நிகழும் சதுக்கம் அது. 1984 இல் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் என்றிக்கோ பெர்லிங்குவேருக்கு மக்கள் இறுதி விடை கொடுத்ததும் அங்கேதான். அதற்குச் சில தினங்களுக்கு முன்னர் மிலானில் கிறில்லோவின் மேடையிலே ஏறி நின்றவர் எண்பத்தாறு வயதான டாரியோ ஃபோ. மூன்றாவது அங்கத்தின் ஆசிரியர், அது இல்லாத மேடையிலே நின்றார். முதுமையின் தவறு என்று இதைக் கழித்துவிட நாம் விரும்பவில்லை. வேறு மேடை எஞ்சியிருக்கவில்லை என்பதையே அது காட்டிற்று. அத்தேர்தலில் இயக்கம் பிரதிநிதிகள் சபைக்கான வாக்குகளில் 25 சதவீதத்துக்கு மேல் பெற்று, 109 பிரதிநிதிகளையும் 54 செனற்றர்களையும் அனுப்பியது.

அவையினரைக் கலைஞரின் அரசியல் எவ்வாறு உருவாக்கிற்று என்பதற்குக் குடிபெயர்ந்தோர் பிரச்சினையைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. 2013 அக்ரோபர் 3 ஆம் திகதி லம்பெதூசாத் தீவின் அருகே படகொன்று மூழ்கி 360க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சில நாட்களில் இயக்கத்தின் செனற்றர் இருவர், அனுமதியின்றி நாட்டுக்குள் வருவதைக் குற்றமாக்கும் சட்டத்தை நீக்கத் திருத்தம் கொணர்ந்தனர். கிறில்லோவும் கசலெஜ்ஜோவும் அவர்களைப் பகிரங்கமாகக் கண்டித்தனர். தேர்தலிலே இதனை முன்வைத்திருந்தால் ஒரு சதவீதத்தின் பின்னம்கூடக் கிடைத்திராது என்பது அவர்களது வாதம். ஆனால் 2014 ஜனவரியில் உறுப்பினரிடம் இணையத்திலே வாக்கெடுத்தபோது 15,839 பேர் நீக்கத்தை ஆதரித்தனர். 9,093 பேரே எதிர்த்தனர். அவை கலைஞரைவிட முற்போக்காக இருந்தது! இவ்வொரு முடிவை எமது நண்பர்கள் பலர் அறியார். அறிந்தால், இணையக் கூட்டம் என்றாலே இகழ்ந்து பேசும் வழக்கம் சற்றுக் குறையக்கூடும்.

ஐந்தாண்டுகளின் பின் நிலைமை வேறு. 2018 ஓகஸ்ற்றில், கடலிலே மீட்கப்பட்ட 177 பேருடன் வந்த 'திச்சோத்தி' என்ற கரையோரக் காவற் கப்பலிலிருந்து மக்கள் இறங்குவதை உள்நாட்டலுவல்கள் அமைச்சர் மாத்தியோ சல்வீனி பல நாட்கள் தடுத்தார். அவரை நீதிமன்றம் விசாரிக்கலாமா என்று 2019 பெப்ரவரியில் இயக்கம் தன் உறுப்பினரைக் கேட்டது. 'ஆம்' என்றால் விசாரணை வேண்டாம் எனப் பொருள்படுமாறு வினா அமைந்திருந்தது. அதனைக் கிறில்லோவே கேலி செய்தார். வாக்களித்த 52,000 பேரில் 59 சதவீதத்தினர் சல்வீனியைக் காத்தனர். இடைப்பட்ட காலத்திலே நிகழ்ந்தது என்ன? முரண்பட்டோர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். எஞ்சியோருக்கு வினாவை எழுதுவோரின் வினாக்களே பழகிப்போயின. 2014 இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்திலே எக்குழுவிற் சேர்வது என்று கேட்டபோது, பசுமைக் கட்சியினரின் பெயர் தெரிவுகளிலேயே இடம்பெறவில்லை. 78 சதவீதத்தினர் பிரித்தானிய வலதுசாரியான நைஜல் ஃபராஜின் குழுவைத் 'தெரிந்தெடுத்தனர்'. 2017 இல் கிறில்லோவின் சொந்த ஊரான ஜெனோவாவில் நகர முதல்வர் வேட்பாளராக இணைய வாக்கெடுப்பில் வென்ற பெண்மணியை அவர் ஏற்க மறுத்து, தம்மை நம்புமாறு உறுப்பினரைக் கேட்டுக்கொண்டார். வாக்களிக்கும் பொறியின் பெயர் 'ரூசோ'. 2016 இல் கசலெஜ்ஜோ இறந்தபோது அதன் நிர்வாகம் மகனைச் சென்றடைந்தது. பொதுவிருப்பு பற்றி எழுதிய ஜெனீவாத் தத்துவஞானியின் பெயர் தந்தை வழியாக மகனுக்குச் சொத்தாகச் சென்றமை பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

2018 மார்ச் தேர்தலிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வாக்காளர், அதாவது ஒரு கோடிக்கு மேற்பட்டோர், இயக்கத்துக்கு வாக்களித்தனர். தென்பகுதியிலே அது பேரலையாயிற்று. சல்வீனியின் லீகாவுடன் செய்த ஆட்சி ஒப்பந்தத்தை அங்கீகரித்த இணைய வாக்கெடுப்பிற் பங்குகொண்டோர் சுமார் 45,000 பேர். இவ்விரு எண்களுக்குமிடையிலே தாரந்தோ நகரம் இருந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய உருக்காலைகளுள் ஒன்று அங்குள்ளது. அதன் புகையும் இரும்புத் தூசும் படிந்த தம்புரி என்ற தொழிலாளர் குடியிருப்பிலே காற்று மிகுந்த நாட்களிற் பிள்ளைகளின் பாடசாலைகள் மூடப்பட்டதுண்டு. ஆலையை மூடி மாற்றுத் தொழில் தருவோம் என்ற வாக்குறுதிக்கு நகரம் ஏறத்தாழ அரைவாசி வாக்குகளை அளித்தது. செப்ரெம்பரில் இயக்கத்தின் அமைச்சர் லூயிஜி டி மாயோ அவ்வாலையை ஆர்சலர்மித்தல் நிறுவனத்திடம் கையளிக்கும் உடன்பாட்டை முடித்தார். அடுத்த மாதம், அசர்பைஜான் எரிவாயுக் குழாய் கரையேறும் மெலந்துஞோவிலே, அதனைத் தடுப்போமென்ற வாக்குறுதியும் கைவிடப்பட்டது. அவ்வூர் மக்கள் இயக்கத்தின் கொடிகளோடு தமது வாக்காளர் அட்டைகளையும் தீயிலிட்டனர். எரிந்தவற்றுள் கொடிகளைக் காட்டிலும் அட்டைகளே எம்மைச் சிந்திக்க வைக்கின்றன. கலைஞர்மேற் கொண்ட ஏமாற்றம் அரசியல் முழுவதன் மீதுமான ஏமாற்றமாகிவிட்டது. 2022 பொதுத் தேர்தலிலே வாக்களித்தோர் 64 சதவீதத்தினர் மட்டுமே. குடியரசின் பொதுத் தேர்தல்களில் அதுவரை அவ்வளவு குறைவாக இருந்ததில்லை.

இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. 2019 இல் இயக்கம் கொணர்ந்த 'குடிமக்கள் வருமானம்' என்னும் வறியோர் உதவித்திட்டம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சென்றடைந்தது. பத்தாண்டு வதிவு என்ற நிபந்தனையால் குடிபெயர்ந்த தொழிலாளர் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். அந்நிபந்தனை பாரபட்சமானதென ஐரோப்பிய நீதிமன்றம் 2024 இல் தீர்ப்பளித்தது. ஆயினும் நேப்பிள்ஸ் நகரத்து வறியோர் 2022 இலும் இயக்கத்தைக் கைவிடவில்லை. நாடெங்கும் பதினைந்து சதவீதமாகச் சுருங்கிய வாக்கு அங்கு பன்மடங்காக நின்றது. அவர்கள் விசுவாசங் கொண்டது கலைஞரிடமன்று. மாதந்தோறும் வந்த பணத்தின்மீது. அதனை இழிவாகக் கருதுவோர் பசியறியாதார். முதலிற் கைவிட்டுச் சென்றோர், சிரிப்பினால் மட்டும் பிணைக்கப்பட்டிருந்த வடபகுதி நடுத்தர வகுப்பினரே.

2021 பெப்ரவரியில் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ திராகி அரசாங்கம் அமைத்தார். வங்கியாளரையே வாழ்நாளெல்லாம் பகடி செய்த கிறில்லோ அவரைச் சந்தித்து மகிழ்ந்து, ஆதரவளிக்கும்படி வேண்டினார். உறுப்பினரிடம் கேட்கப்பட்ட வினாவிலே 'சூழல் நிலைமாற்றப் பேரமைச்சு' முன்னே நின்றது. திராகியின் பெயர் ஈற்றில் வந்தது. 59 சதவீதத்தினர் இணங்கினர். பாராளுமன்றத்திலே எதிர்த்து வாக்களித்தோர் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டில் இயக்கம் 'ரூசோ'வை விட்டு விலகி, முன்னாட் பிரதமர் ஜுசெப்பே கொன்தேயைத் தலைவராக்கியது. கிறில்லோவுக்கு ஏற்கெனவே இருந்த 'உத்தரவாதி' என்ற பட்டம் நீடித்தது, தொடர்பாடல் ஆலோசனைக்கென ஆண்டுக்கு மூன்று இலட்சம் யூரோ ஒப்பந்தமும் பின்னர் அமைந்தது.

2024 நவம்பரில் இயக்கத்தின் மாநாடு, 'உத்தரவாதி' பதவியை ஒழித்தது. பொலோஞாச் சதுக்கத்திலே கையொப்பமிடப்பட்ட இரு தவணை விதியும் அதனுடன் நீங்கிற்று. கிறில்லோ தமக்கிருந்த கடைசி உரிமையைப் பயன்படுத்தி மீண்டும் வாக்கெடுக்கச் செய்தார். சவ ஊர்தியில் அமர்ந்தபடி இயக்கம் இறந்துவிட்டதென அறிவிக்கும் ஒளிப்பதிவொன்றையும் வெளியிட்டார். வாக்களியாமலிருந்து முடிவைச் செல்லாததாக்குமாறு உறுப்பினரைக் கேட்டார். டிசம்பர் 8 ஆம் திகதி வாக்கெடுப்பு முடிந்தபோது, வாக்களித்தோரின் தொகை முன்னையதிலும் கூடியிருந்தது. 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அவரது பதவி வேண்டாமென்றனர். அதன் பின்னரும் பெயரும் சின்னமும் தம்முடையவை என்று அவர் உரிமை கோரினார். பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் பொலோஞாவிலே திரண்டோரிற் பலர் அவ்வேளை எக்கட்சியிலும் இருக்கவில்லை. தாரந்தோவின் உருக்காலை ஆர்சலர்மித்தலின் கையினின்று நீங்கி அரசு நியமித்த ஆணையாளரின் பொறுப்பில் இருந்தது. புதிய உடைமையாளரைத் தேடிக் கேள்விப் பத்திரம் கோரப்பட்டிருந்தது.